மிளகுச் சுருள், 1627

அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் ஒரு சித்திரம் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். வரைந்தவர் ஹார்லெம் நகரத்து பீட்டர் கிளாஸ், ஆண்டு 1627. சித்திரப் பாடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் குடம், கோப்பை, பழம் என்று அடுக்கி வைத்து வரையச் சொல்வோமே, அந்த வகைதான். ஒரு சாப்பாட்டு மேசை. பாண், அரைவாசி தோல் சீவிய தேசிக்காய், சிப்பி, நடுவில் வான்கோழி. மனித உருவமே இல்லாத படம் என்பதால் எங்கள் ஆலிம்களுக்கும் ஆட்சேபனை இருக்காது. (வான்கோழி கொஞ்சம் இடிக்கலாம்.)

நான் காட்ட வந்தது அந்த மேசையில் கிடக்கும் கடதாசிச் சுருளை. கடலை விற்பவர் சுற்றித் தருவாரே, அதே மாதிரி. உள்ளே மிளகு. ஹார்லெம் ஓவியர்கள் இதற்குப் பழைய பஞ்சாங்கத் தாளைக் கிழித்துச் சுருட்டியது போல வரைவார்கள். ஒரு காலத்தில் பொன்னுக்கு நிகராகப் பேசப்பட்ட சாமான், கழித்துப் போட்ட தாளில் சுற்றி வீட்டுக்கு வருகிறது!

அந்த மிளகு கண்டியிலிருந்து போனது என்று நான் சொல்லவில்லை. ஒல்லாந்தருக்கு அப்போது மிளகு கிடைத்தது ஜாவா, சுமாத்திராப் பக்கம். இலங்கையின் கரையோரம் போர்த்துக்கேயர் கையில் இருந்தது. ஆனால் சித்திரத்துக்கு முந்தைய வருடம், 1626 இல், போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மதம் ஒரு காரணம், வியாபாரப் போட்டி இன்னொன்று. அடைக்கலம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். சுமார் 4000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றினார். இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சுருளின் விலை விளங்கும்.

1638 இல் அவருடைய மகன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தருடன் ஒப்பந்தம் செய்தார். போர்த்துக்கேயரை விரட்ட வேண்டும், செலவைக் கறுவாவாலும் மிளகாலும் கொடுப்பதாகப் பேச்சு. 1640 இல் காலி, 1656 இல் கொழும்பு. விரட்டினார்கள், ஆனால் கோட்டைகளைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். முஸ்லிம்களின் வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு போட்டு, ஊழியம் என்ற கட்டாய வேலையையும் சுமத்தினார்கள்.

இப்படியான சித்திரங்களில் உப்புக் கிண்ணமும் மிளகும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மலைநாட்டில் இந்த இரண்டையும் சேர்த்தவர்கள் பொதிமாட்டுக்காரர்கள். 'தவலம்' என்பார்கள். பாக்கும் மிளகும் கீழே இறங்கும், உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறும். அதில் பெரும் பங்கு எங்கள் ஆட்களுடையது. பாடப்புத்தகத்தில் அரசர்களின் ஒப்பந்தம் வருகிறது, மாடு வருவதில்லை.

மடவளை, அக்குறணைப் பக்கத்தவர்களே, தவலம் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதும் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். பாதை, தங்கிய இடம், மாட்டு மணி, எதுவானாலும் பரவாயில்லை.