சென்னிநாயகம்: பால்குடி மறக்கடித்த கசப்பு

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் கரிய கட்டியாக ஒரு சரக்கு விற்கும். கற்றாழைச் சாற்றை வற்றவைத்து எடுத்தது. தமிழர் அதனைக் கரியபோளம் என்பர். மலையாளிகள் சென்னிநாயகம் என்பர். மருந்துச் சரக்குதான். ஆயினும் கேரளத்தின் பல தலைமுறைகளுக்கு அப்பெயர் நினைவூட்டுவது வேறொன்றை: பால்குடியை நிறுத்தும் பொருட்டுத் தாயின் முலைக்காம்பில் பூசப்பட்ட கசப்பை. தமிழ் வீடுகளில் அவ்வேலையை வேப்பெண்ணெயோ அரைத்த வேப்பிலையோ செய்தது.

இந்நகரில் இரு மொழிகளும் ஒரே தெருவில் புழங்குவதால் ஒரு வேறுபாடு எளிதில் கண்ணில் படும். தமிழில் பிள்ளை பால்குடியை மறக்கிறது; பெரியவர்கள் மறக்கடிக்கிறார்கள். ‘பால்குடி மறவாத பிள்ளை’ என்பது வழக்கு. மலையாளத்தில் அதே பிள்ளை ‘முலகுடி மாறாத்த குஞ்ஞு’. ஒன்று நினைவைப் பற்றியது, மற்றொன்று மாற்றத்தைப் பற்றியது. ஆங்கிலத்தின் ‘வீன்’ என்னும் வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் பழக்குதல் என்று பொருள். பிரெஞ்சின் ‘செவ்ரே’ பிரித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. இந்த நான்கு சொற்களில் ஒன்றிலும் கசப்பு இல்லை. சொல் மென்மையாய் இருக்க, கை மட்டும் கசப்பை நாடியிருக்கிறது.

அந்தக் கை கேரளத்துக்கோ தமிழகத்துக்கோ மட்டும் உரியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் செய்த எபேசஸ் நகரத்துச் சொரானஸ், காம்பில் கசப்பும் துர்நாற்றமும் உடைய பொருள்களைப் பூசித் திடீரெனப் பால் நிறுத்துவோரைக் கண்டித்து எழுதினார். மாற்றம் திடீரென நிகழ்வது பிள்ளைக்கு ஆகாது, பூசும் பொருள் வயிற்றையும் கெடுக்கலாம் என்பது அவர் வாதம். சிறிது சிறிதாக நிறுத்துவதே அவர் சொன்ன வழி. 1597இல் அச்சேறிய ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில் செவிலித்தாய், மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியைத் தன் முலையில் தடவிய நாளை நினைவுகூர்கிறாள். அப்போது ஜூலியட்டுக்கு மூன்று வயது நிறையவில்லை. நாளையும் வெயிலையும் பிள்ளையின் சினத்தையும் அவள் மறக்கவேயில்லை. மறக்கடித்தவளுக்கு மறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கசப்பு மறதியைத் தருவதில்லை, வெறுப்பைத் தருகிறது. நேற்றுவரை ஆறுதலாயிருந்த உடல் இன்று கசக்கிறது, காரணம் சொல்லப்படுவதில்லை. இதற்காகத் தாயரைக் குறை கூறுவது அநீதி. அடுத்த கருவும் வயல் வேலையும் காத்திருந்தன. முடிவும் பெரும்பாலும் அவர்கள் கையில் மட்டும் இருந்ததில்லை. சோறு தொடங்குவதற்குக் கேரளத்தில் ‘சோறூண்’ என்னும் சடங்கு உண்டு. குருவாயூருக்கே பிள்ளைகளைத் தூக்கிச் செல்வர். பால் முடிவதற்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. கரியபோளம் மட்டும்தான்.

சப்பும் ஆசையைத் தாயின் உடலிலிருந்து பிரித்த கருவி சூப்பான். 1506இல் ஆல்பிரெக்ட் டியூரர் தீட்டிய மரியாள் படத்தில் குழந்தை கையில் வைத்திருப்பது இனிப்புப் பொதிந்த துணிமுடிச்சு. காம்பு, தடுப்பு வட்டு, பிடி ஆகிய மூன்றும் சேர்ந்த இன்றைய வடிவம் 1900 அளவில் நியூயார்க் மருந்தாளர் கிறிஸ்டியன் மைனெக்கே பெற்ற காப்புரிமையோடு நிலைத்தது. மருத்துவம் அதனை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1989இல் வகுத்த பத்துப் படிகளில் ஒன்பதாவது, தாய்ப்பால் குடிக்கும் சிசுவுக்குச் சூப்பான் தரவே கூடாது என்றது. 2018 திருத்தத்தில் அது, அதன் பயன்பாடும் தீங்கும் பற்றித் தாய்க்கு எடுத்துரைத்தல் என்று தணிந்தது. இடையில் 2005இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைக் குறைக்க முதலாண்டில் உறங்கும்போது அதைத் தரலாம் என்றது. மூன்று வயதுக்குப் பின்னும் நீடித்தால் முன்பற்கள் பொருந்தாமல் இடைவெளி விழும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

எனவே மறக்கடித்தல் மீண்டும் தேவைப்படுகிறது. விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவும் பழைய கை இங்கும் நீளக்கூடும். ஆனால் முலையில் இயலாத ஒன்று இங்கே இயலும். சூப்பானைத் தொட்டிலுக்குள் நிறுத்தலாம். முதலில் பகலை விலக்கி, பின் உறக்கத்தின் தொடக்கத்துக்கு மட்டும் சுருக்கலாம். அந்த இடைவெளியில் வேறொன்றை வைக்கலாம். யாரும் கசக்க வேண்டியதில்லை. மலையாளத்தின் ‘மாறுதல்’ இங்கே தமிழின் ‘மறத்தல்’ என்பதைவிடச் சரியாகப் பொருந்துகிறது.

இடைவெளியில் வைப்பதற்கு இந்நகரில் ஒன்று முன்னமே உண்டு. தால் என்றால் நாக்கு; நாவை அசைத்துப் பாடுவதால் அது தாலாட்டு, மலையாளத்தில் தாராட்டு. பிள்ளையின் வாய் அசைவதற்கு மாறாகப் பெரியவர் நாக்கு அசைகிறது. 1813இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றியதாகக் கொள்ளப்படும் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ அவ்வகையில் புகழ்பெற்றது. அரசியாயிருந்த தாய் கௌரி லட்சுமி பாயி 1815இல் இறந்தார். அப்போது பிள்ளைக்கு ஏறத்தாழ இரண்டு வயது. பின்னர் வளர்த்தவர் சிற்றன்னை கௌரி பார்வதி பாயி. அந்தப் பாட்டு இன்றும் பாடப்படுகிறது.