சுரங்கத்திலிருந்து தொட்டிலுக்கு: தென்னாப்பிரிக்காவில் நிமோனியாத் தடுப்பூசி ஆராய்ச்சி நடந்து வந்த வழி

முன்னுரை

ஒரு தடுப்பூசியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதைக் கண்டறிந்த விஞ்ஞானியின் சரித்திரத்தையே எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த ஊசி முதன்முதலில் எவருடைய தோளில் ஏறியது, எதன்பொருட்டு ஏற்றப்பட்டது, அதனால் விளைந்த நன்மை அவருக்கும் அவருடைய மக்களுக்கும் எக்காலத்தில் வந்து சேர்ந்தது என்னும் கேள்விகள் அடிக்குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க் வட்டாரத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவந்த நிமோனியாத் தடுப்பூசி ஆராய்ச்சியை இக்கேள்விகளின் வெளிச்சத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 1911இல் தங்கச் சுரங்கத் தொழிலாளியிடம் தொடங்கிய அவ்வாராய்ச்சி, 1998இல் சொவெட்டோ நகரின் கைக்குழந்தைகளிடமும், 2011இல் அதே நகரின் கர்ப்பிணிகளிடமும் வந்து நின்றது.

நிமோனியாவைத் தோற்றுவிக்கும் கிருமிகளில் நியூமோகாக்கஸ் என்பது தலையாயது. ஓடியாடி விளையாடும் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் அது சாதுவாகவே குடியிருக்கும், ஜலதோஷத்தாலோ அம்மையாலோ பட்டினியாலோ தேகம் தளர்ந்த வேளையில் சுவாசகோசத்துக்கு இறங்கும், இரத்தத்தில் கலக்கும், மூளையைச் சூழ்ந்த சவ்வையும் பற்றும். மூக்குச் சிறகுகள் விரிந்து விரிந்து அடங்க, மூச்சை இழுக்குந்தோறும் விலாவின் அடிப்பகுதி குழிந்து உள்வாங்க, முலைக்காம்பைப் பற்றவும் வலுவின்றி முனகும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், பெயர் தெரியாவிட்டாலும் அந்நோயை அறிவாள்.

1. முதலாளிகளின் கவலை

விட்வாட்டர்ஸ்ரான்ட் என்னும் பாறைத்தொடரில் 1886இல் பொன் கண்டெடுக்கப்பட்ட பிறகு, அதை அகழ்ந்தெடுக்க மொஸாம்பிக்கிலிருந்தும், அந்நாளில் நியாஸாலாந்து எனப்பட்ட மலாவியிலிருந்தும் ஆயிரமாயிரம் ஆண்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். பூமிக்கடியில் வெக்கையில் வேர்த்து உழைத்து, மேட்டு நிலத்தின் கடுங்குளிரில் மேலேறி வந்து, நெருக்கமாக அடுக்கிய படுக்கைத் தட்டுகளில் ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படப் படுத்துறங்கிய அவர்களிடையே நிமோனியா பரவியதில் வியப்பில்லை. வெப்ப நாடுகளிலிருந்து புதிதாக வந்தவர்களே அதிகமாக மாண்டனர். ஆள் சேர்ப்பதற்குச் செலவிட்ட பணம் ஆளோடு புதைந்து போவதைக் கண்டு சுரங்க முதலாளிகள் கலங்கினர்.

டைபாய்டுத் தடுப்பூசியால் கீர்த்தி பெற்றிருந்த ஆல்மிராத் ரைட் என்னும் லண்டன் வைத்தியப் பேராசிரியர் 1911இல் தென்னாப்பிரிக்காவுக்கு அழைக்கப்பட்ட சூழ்நிலை இதுவே. கொல்லப்பட்ட கிருமிகளால் ஆன தடுப்பூசியை வைத்து, ஏறத்தாழ 50,000 தொழிலாளரை உள்ளடக்கிய பரிசோதனைகளை அவரும் அவருடைய துணைவர்களும் நடத்தி, 1914இல் முடிவுகளை வெளியிட்டனர். ரைட் வெற்றி என்று கண்டதைப் பின்னர் கணக்குகளை நுணுகிப் பார்த்தோர் ஐயுற்றனர். நியூமோகாக்கஸ் ஒரே வகையன்று, ஒன்றுக்கு எதிரான காப்பு மற்றொன்றைத் தடுக்காத பல வகைகளாகப் பிரிந்தது என்னும் உண்மை ரைட்டுக்குப் புலப்படவில்லை. ஜொஹானஸ்பர்க்கிலேயே பணியாற்றிய ஸ்பென்சர் லிஸ்டர் அவ்வுண்மையை நிறுவி, வகைக்கேற்ற தடுப்பூசிகளைத் தயாரித்தார். அவர் பணியாற்றிய தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி நிலையம், அரசாங்கமும் சுரங்கத் தரப்பினரும் சேர்ந்து 1912இல் தோற்றுவித்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டும். பனாமாக் கால்வாய்ப் பகுதியில் மஞ்சள் காய்ச்சலை அடக்கிப் புகழ்பெற்ற அமெரிக்க வைத்தியர் வில்லியம் கார்கஸ் 1913இன் இறுதியில் சுரங்கங்களைப் பார்வையிட வந்து, தொழிலாளர் உறங்கும் இடத்தை விசாலப்படுத்த வேண்டும், குடும்பத்தோடு குடியிருக்க வகைசெய்ய வேண்டும் என்று ஆலோசனை கூறினார். அதே 1913இல், மரணங்களின் மிகுதியைக் கண்ட அரசாங்கம், தெற்கு அட்சரேகை 22 பாகைக்கு வடக்கேயிருந்து ஆள் சேர்ப்பதைத் தடைசெய்தது. 1930களில் அத்தடை தளர்த்தப்பட்டபோது அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் தடுப்பூசியும் ஒன்றாக இருந்தது. நோய்க்கு மருந்து தேடுதல் நற்செயலே. ஆயினும் நோயை வளர்க்கும் குடியிருப்பை மாற்றாமல் உழைப்பை மட்டும் தொடரச் செய்வதற்கும் அம்மருந்து கருவியாகலாம் என்பதற்கு இந்த முதல் அத்தியாயமே சாட்சி.

2. சர்க்கரைச் சட்டை

ஸல்பா மருந்துகளும் பென்ஸிலினும் வந்தபின் தடுப்பூசியின்மீது உலகம் சிரத்தை இழந்தது. மருந்து கொடுத்தும் இறப்போர் இருக்கின்றனரே என்று விடாது வாதித்த அமெரிக்க வைத்தியர் ராபர்ட் ஆஸ்டிரியன், 1970களில் மீண்டும் அதே தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்த தொழிலாளரிடையே தம் தடுப்பூசியைப் பரிசோதித்தார். அதன் பயன் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. 1977இல் பதினான்கு வகைகளுக்கு எதிரான தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே அது முக்கியமாக முதியோருக்குப் பயன்பட்டது. ஆப்பிரிக்கக் குழந்தைக்கு அதனால் விளைந்தது ஒன்றுமில்லை.

காரணம் கிருமியின் உடலமைப்பிலேயே இருந்தது. நியூமோகாக்கஸ் தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான ஒரு சட்டையை அணிந்துள்ளது. அச்சட்டையின் வேறுபாடே வகைகளின் வேறுபாடு. ஆஸ்டிரியனின் தடுப்பூசி அச்சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்துத் தயாரித்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் தேகமோ தனிச் சர்க்கரையைப் பகையென்று உணர்வதில்லை. அச்சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் தேகம் விழித்துக்கொள்ளும் என்பதை ஏவரியும் கோபலும் நியூயார்க்கில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே முயல்களில் காட்டியிருந்தனர்; அந்த ஞானம் சிசுவின் துடைக்கு இறங்கி வர ஐம்பதாண்டுக்கு மேலாயிற்று.

இதற்கிடையே அவசரம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1977இல் டர்பன் நகரிலும், அதையடுத்து ஜொஹானஸ்பர்க்கிலும், பென்ஸிலினுக்கும் வேறு பல மருந்துகளுக்கும் அடங்காத நியூமோகாக்கஸ் வகைகள் மருத்துவமனைக் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டன. மருந்து இருக்கிறது என்னும் தைரியம் அன்றோடு தளர்ந்தது. அதற்குப் பின் எச்.ஐ.வி. தொற்று தாய்மாரிடமும் அவர்கள் வழியாகச் சிசுக்களிடமும் பரவியபோது, இக்கிருமியால் விளையும் கொடுமை பன்மடங்காயிற்று.

3. சொவெட்டோவும் காம்பியாவும்

புரதத்தோடு பிணைத்த தடுப்பூசி ஏழைநாட்டுக் குழந்தைகளைக் காக்குமா என்பதற்கு முதற் சான்று மேற்கு ஆப்பிரிக்காவின் சிறு நாடான காம்பியாவிலிருந்து கிடைத்தது. அங்கே 42,848 குழந்தைகளிடம் ஹிப் என்னும் வேறொரு கிருமிக்கு எதிராக நடந்த பரிசோதனையின் முடிவை 1997இல் கிம் மல்ஹாலண்ட் குழுவினர் வெளியிட்டனர். எக்ஸ்ரே படத்தில் உறுதியான நிமோனியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

1998இல் சொவெட்டோவில், கீத் கிளக்மனும் ஷபீர் மாதியும் அவர்களுடைய சகாக்களும் ஒன்பது வகை நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசியின் பரிசோதனையைத் தொடங்கினர். 39,836 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர்; ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஒரு பாதியினர் தடுப்பூசியும், மறுபாதியினர் மருந்தற்ற போலி ஊசியும் பெற்றனர். எண்கள் பெரியவை, நிகழ்ச்சியோ மிகச் சிறியது. ஆறு வாரச் சிசுவைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு வந்த தாய், முடிச்சை அவிழ்த்து மடியில் கிடத்துகிறாள், துடையில் ஊசி இறங்குகிறது, குழந்தை வீறிடுகிறது, தாய் மார்போடு அணைத்துப் பால் கொடுக்கிறாள், ஓர் ஏட்டில் ஒரு வரி எழுதப்படுகிறது. பின்னர் அக்குழந்தை காய்ச்சலோடு பாரக்வனாத் மருத்துவமனைக்கு வருமாயின், அதன் இரத்தம் ஒரு குப்பியில் வளர்க்கப்பட்டுக் கிருமி தோன்றுகிறதா என்று பார்க்கப்படும். அவ்வாறான வரிகளும் குப்பிகளும் குவிந்தே 2003இல் முடிவு வெளிவந்தது.

தடுப்பூசியில் அடங்கிய வகைகளால் இரத்தத்தையும் மூளைச் சவ்வையும் பற்றும் கடும் நோய், எச்.ஐ.வி. தொற்றில்லாத குழந்தைகளிடம் 83 சதவீதமும், தொற்றுள்ள குழந்தைகளிடம் 65 சதவீதமும் குறைந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் வரும் கடும் நோயும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள சிசுக்களைப் பரிசோதனையிலிருந்து விலக்கி வைக்காமல் சேர்த்துக்கொண்டதை இவ்வாராய்ச்சியின் தலையாய சிறப்பாகக் கருத வேண்டும். எவருக்கு ஆபத்து மிகுதியோ அவருக்கே சான்று இல்லாமற் போவது மருத்துவ ஆராய்ச்சியின் பழைய குறை.

காம்பியாவின் கிராமப்புறத்தில் ஃபெலிசிட்டி கட்ஸ் தலைமையில் 17,437 குழந்தைகளிடம் நடந்த பரிசோதனை 2005இல் முடிவை அளித்தது. எக்ஸ்ரே படத்தால் உறுதியான நிமோனியா 37 சதவீதம் குறைந்தது. எந்தக் காரணத்தாலும் நேரும் மொத்த மரணம் 16 சதவீதம் குறைந்தது. மருத்துவமனை எட்டாத் தொலைவில் உள்ள கிராமங்களில் ஓர் ஊசி உயிரையே காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. சான்றுக்கும் கைக்கும் இடையே

ஆயினும் சான்று கிடைத்தவுடன் ஊசி கிடைத்துவிடவில்லை. ஏழு வகைகளுக்கு எதிரான தடுப்பூசி அமெரிக்கக் குழந்தைகளுக்கு 2000இலேயே வந்துவிட்டது. சொவெட்டோவிலும் காம்பியாவிலும் பரிசோதிக்கப்பட்ட ஒன்பது வகைத் தடுப்பூசியில், ஆப்பிரிக்காவில் மிகுதியாகக் காணப்படும் ஒன்றாம், ஐந்தாம் வகைகளும் அடங்கியிருந்தன. அத்தடுப்பூசி விற்பனைக்கே வரவில்லை. 2009இல்தான் ருவாண்டா, தென்னாப்பிரிக்கா, காம்பியா ஆகிய நாடுகளின் குழந்தைகள் ஏழு வகைத் தடுப்பூசியைப் பெறலாயினர். பதின்மூன்று வகைத் தடுப்பூசி தென்னாப்பிரிக்காவுக்கு 2011இல் வந்தது. பரிசோதனைக்குத் தன் சிசுவைத் தந்த சொவெட்டோத் தாயின் அண்டை வீட்டுக் குழந்தைக்கு அதன் பயன் கிட்டப் பதினோராண்டு ஆயிற்று என்று சொல்லும்போது, அந்த இடைவெளியில் புதைக்கப்பட்ட குழந்தைகளை நினையாதிருக்க இயலவில்லை. விலையும் தயாரிப்பும் சில கைகளில் அடங்கியிருந்தது இத்தாமதத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்று. பிற்காலத்தில் பூனா நகரின் சீரம் நிறுவனம் குறைந்த விலையில் தயாரித்த பத்து வகைத் தடுப்பூசியும் காம்பியக் குழந்தைகளிடமே பரிசோதிக்கப்பட்டது. 2019இன் இறுதியில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது. அவ்வகையில் இந்தியாவும் காம்பியாவுக்குக் கடன்பட்டிருக்கிறது.

5. தாய்வழிக் காப்பு

ஆறாவது வாரத்துக்கு முன்னரே நோய் வந்தால் என்செய்வது? இக்கேள்வியே ஆராய்ச்சியாளரைத் தொட்டிலிலிருந்து கர்ப்பப்பைக்கு அழைத்துச் சென்றது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குச் செல்கின்றன. ஆகவே தாய்க்கு இடும் ஊசி இருவரையும் காக்கக் கூடும். பிரசவ காலத்து வில்வாத ஜன்னியைத் தடுக்கத் தாய்க்கு ஊசியிடும் வழக்கம் இத்தத்துவத்தின் பழைய உதாரணம்.

ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இன்ஃபுளுயென்ஸா ஊசி இடுவதில்லை. 2011, 2012 ஆண்டுகளில் சொவெட்டோவில் எச்.ஐ.வி. தொற்றில்லாத 2,116 கர்ப்பிணிகளிடமும், தொற்றுள்ள 194 கர்ப்பிணிகளிடமும் மாதி குழுவினர் அவ்வூசியைப் பரிசோதித்தனர். தொற்றில்லாத தாய்மாரிடமும் அவர்களுடைய சிசுக்களிடமும் நோய் ஏறத்தாழப் பாதி குறைந்தது. பிறந்த முதல் எட்டு வாரங்களில் சிசுவுக்குக் காப்பு மிகுதி என்றும், தாயிடமிருந்து வந்த பொருள் தேய்ந்தபின் அது குன்றுகிறது என்றும் பின்னர் தெளிவாயிற்று. தாய் தந்த கவசம் நிரந்தரமன்று. குழந்தை தன் கவசத்தைத் தானே பூணும் நாள்வரை இடைவெளியை அடைப்பதே அதன் தொழில்.

சிசுக்களின் மூச்சைத் திணறச் செய்யும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸுக்கு எதிரான தாய்வழித் தடுப்பூசியின் வரலாறு நேர்வழியில் செல்லவில்லை. மாதி முன்னின்ற பெரும் பரிசோதனை ஒன்று 2020இல் தன் பிரதான இலக்கை எட்டவில்லை என்று ஒளிவின்றி அறிவிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவும் காம்பியாவும் உட்பட 18 நாடுகளில் நடந்த வேறொரு தடுப்பூசியின் பரிசோதனை, பிறந்த 90 நாட்களுக்குள் வரும் கடும் நோயை 81.8 சதவீதம் தடுத்ததாக 2023இல் வெளியாயிற்று. பரிசோதனைக்கு உடன்பட்ட தாய்மாரின் ஊர்களில் இவ்வூசி எப்போது எளிதில் கிடைக்கும் என்பதே, 2009க்கு முந்திய தாமதத்திலிருந்து உலகம் பாடம் கற்றதா என்பதைக் காட்டும் உரைகல்.

முடிவுரை

இவ்வரலாற்றில் இரண்டு தொடர்ச்சிகள் மனத்தைக் கவர்கின்றன. பாரக்வனாத்தில் ஆராய்ச்சி நடத்தும் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகம், சுரங்கத் தொழிற்பள்ளியாகப் பிறந்து, பொன் விளைந்த பாறையின் பெயரையே தாங்கி நிற்பது. சுரங்கத்தாரின் பணத்தோடு 1912இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் மரபிலே வந்ததுதான் இன்றைய தேசியத் தொற்றுநோய் நிலையம். அங்கு ஆன் வான் காட்பெர்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட கணக்கு இக்கட்டுரையின் வாதத்தை நிறைவு செய்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நியூமோகாக்கஸால் நேரும் கடும் நோய், லட்சத்துக்கு 54.8 என்ற நிலையிலிருந்து 2012இல் 17.0 ஆகத் தாழ்ந்தது. ஊசியே போடப்படாத 25 முதல் 44 வயது வரையுள்ளோரிடமும், ஏழு வகைத் தடுப்பூசியில் அடங்கிய வகைகளால் வரும் நோய் 57 சதவீதம் குறைந்தது. அக்காலத்தில் எச்.ஐ.வி. சிகிச்சை பரவியதற்கும் இதில் பங்குண்டு. எனினும் குழந்தையின் மூக்கில் கிருமி குடியேறாதபோது, அக்குழந்தையை முத்தமிடும் பெரியவரையும் அது அண்டுவதில்லை என்பது இதனால் விளங்குகிறது.

அந்த வயதினர் யாவர்? அன்று கூலிக்கு வந்து சுரங்கத்தில் மாண்டவர்களின் வயது அது. இன்று சிசுவை முதுகில் கட்டிக்கொண்டு வரும் தாயின் வயதும் அதுவே. உழைப்பாளியை உழைப்புக்காக மட்டும் காக்க முயன்ற காலத்தில் அவனும் பிழைக்கவில்லை, அவனுடைய குழந்தையும் பிழைக்கவில்லை. குழந்தையைக் குழந்தைக்காகவே காக்கத் துணிந்தபோது தாயும் தந்தையும் சேர்ந்தே காக்கப்பட்டனர்.