வேகாட்டமி: இரைப்பை அமிலத்தை அடக்கிய அறுவைச் சிகிச்சை

இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்பை முழுதாகவோ, அதன் கிளைகளை மட்டுமோ வெட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை வேகாட்டமி எனப்படும். மருந்துக்கும் பத்தியத்துக்கும் அடங்காத முன்சிறுகுடல் புண்ணுக்கு 1940களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம்வரை உலகெங்கும் இது செய்யப்பட்டது. இன்று மிக அரிது. வழக்கொழிந்துவிட்டது என்பதற்காக இதை மறந்துவிடுவது முறையல்ல. இரைப்பையின் இயக்கம் குறித்து இன்று மருத்துவம் அறிந்திருப்பதில் கணிசமான பகுதி, இந்த அறுவை விட்டுச்சென்ற கோளாறுகளை ஆராய்ந்ததால் கிடைத்தது.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் 1820களில் நிறுவினார். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1814இல், பெஞ்சமின் பிரோடி நாய்களின் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பைச் சுரப்பு குறைவதைக் கண்டிருந்தார். இதைத் தெளிவாக்கியவர் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். அவருடைய நாய்களுக்கு உணவுக்குழாய் கழுத்தில் வெளியே திறந்துவிடப்பட்டிருந்தது. தின்ற இறைச்சி அந்த வழியே வெளியே விழுந்துவிடும். ஒரு துணுக்குகூட இரைப்பைக்குள் போகாது. ஆனாலும் சில நிமிடங்களில் இரைப்பையில் சாறு ஊறியது. வேகஸ் நரம்பை வெட்டியதும் அது நின்றுபோனது. பசியும் ருசியும் மூளையிலிருந்து இந்த நரம்பு வழியாகத்தான் இரைப்பைக்கு வந்து சேர்கின்றன என்பது இதனால் புலனாயிற்று. செரிமானம் குறித்த ஆய்வுகளுக்காக 1904இல் பாவ்லோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமிலம் இல்லாத இடத்தில் புண் வராது என்ற கருத்தை 1910இல் கார்ல் ஷ்வார்ஸ் முன்வைத்தார். அடுத்த எழுபது ஆண்டுகளுக்குப் புண் அறுவையை வழிநடத்தியது இந்தக் கருத்துதான்.

அறுவையர்கள் நரம்பிலிருந்து தொடங்கவில்லை. வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1881 ஜனவரியில் புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய உதவியாளர் அன்டன் வோல்ஃப்லர் இரைப்பையையும் சிறுகுடலையும் நேரடியாக இணைத்தார். நவம்பரில் போலந்தின் லுத்விக் ரிதிகியர், புண்ணால் சுருங்கிப்போன இரைப்பையின் கீழ் வாயை வெட்டியெடுத்தார். மூன்றில் எளியது வோல்ஃப்லரின் இணைப்பு. எனவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புண் நோயாளிகளுக்கு அதுவே பரவலாகச் செய்யப்பட்டது. ஆனால் அமிலம் அப்படியே இருந்தது. அதைத் தாங்கிப் பழகாத சிறுகுடலின் நடுப்பகுதியில் அது நேரே விழவே, இணைப்பின் விளிம்பிலேயே புதிய புண் வந்தது. சிலருக்கு அந்தப் புண் துளைத்துக்கொண்டு பெருங்குடல்வரை போனது. இதற்குத் தீர்வாக இரைப்பையின் மூன்றில் இரண்டு பங்கையும் அதற்கு மேலும் அகற்றும் முறை வந்தது. புண் ஆறியது. ஆனால் சிலர் அறுவையிலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் சாப்பிட்டவுடன் படபடப்பும் வியர்வையும் மயக்கமுமாகத் தவித்தார்கள். எடை குறைந்து, இரத்தசோகையோடு வாழ்ந்தார்கள்.

இந்தக் காலகட்டத்தில் நம் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. அப்போது தென் திருவிதாங்கூரிலும் இப்போது குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரின் லண்டன் மிஷன் மருத்துவமனையில் அறுவையராக இருந்தவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் ஏற்றக் குழுக்களில் இருந்தவர். முதல் ஏற்றம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தபோது நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்டு, லண்டனில் தனக்கிருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே பணியாற்ற வந்துவிட்டார். தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிகுதி. பெரும்பாலும் ஏழை ஆண்களே வந்தார்கள். புண் ஆறி ஆறித் தழும்பேறி வழி அடைத்துவிடும். நேற்றுத் தின்றது இன்று வாந்தியாக வரும். அந்த நிலையில் அறுவை ஒன்றே வழி. 2,000க்கும் மேற்பட்ட புண் அறுவைகளைச் செய்த சோமர்வெல், தம் அனுபவத்தை பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். புண் திரும்பி வருவதைத் தடுக்க, இரைப்பையின் இரத்தக் குழாய்களைக் கட்டி அமிலத்தைக் குறைக்கும் ஒரு முறையையும் வகுத்து 1945இல் வெளியிட்டார். அந்த முறை பரவவில்லை. ஆனாலும் இரைப்பையை வெட்டியெறியாமல் அமிலத்தை மட்டும் குறைக்க வேண்டும் என்ற இலக்கை அவர் சரியாகவே கண்டிருந்தார்.

அதே இலக்கை நரம்பு வழியாக அடைந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் டிராக்ஸ்டெட். பிரான்சின் லியோன் நகரில் ஆந்த்ரே லதார்ஷே 1922இலேயே மனிதர்களுக்கு நரம்பு வெட்டைச் செய்து பார்த்திருந்தாலும், அது பரவாமல் நின்றுவிட்டது. டிராக்ஸ்டெட் உடலியங்கியல் படித்துவிட்டு அறுவைக்கு வந்தவர். புண் நோயாளிகளுக்கு நள்ளிரவில், வெறும் வயிற்றில்கூட அமிலம் அளவுக்கு மீறி ஊறுவதையும், அதைத் தூண்டுவது நரம்பே என்பதையும் அவர் அளந்து காட்டினார். 1943 ஜனவரி 18 அன்று, இரத்தம் கசியும் புண்ணோடு வந்த 35 வயதுக்காரர் ஒருவருக்கு, மார்பு வழியாகச் சென்று உதரவிதானத்துக்கு மேலே இரு வேகஸ் நரம்புகளையும் வெட்டினார். புண் ஆறியது. வெறும் வயிற்று அமிலம் பெருமளவு தணிவது அடுத்தடுத்த நோயாளிகளிடமும் உறுதியானது.

சிக்கலும் உடனே தெரிந்தது. வேகஸ் அமிலத்தை மட்டும் ஆள்வதில்லை; இரைப்பை உணவை அரைத்துக் கீழே தள்ளுவதும் அதன் பொறுப்பே. நரம்பு போனதும் பலருக்கு உணவு இரைப்பையிலேயே தேங்கி, ஊசிப்போய், நாற்றமெடுத்த ஏப்பமாக வந்தது. எனவே நரம்பு வெட்டோடு ஒரு வடிகாலும் சேர்க்க வேண்டியதாயிற்று: வயிற்று வழியாகவே நரம்பை வெட்டி, இரைப்பை வாயை அகலமாக்கித் தைப்பார்கள், அல்லது பழைய குடல் இணைப்பைப் போடுவார்கள். வழி அடைத்த நிலையில் வரும் நோயாளிகள் மிகுந்த தென்னிந்தியாவில் இந்த இரண்டாவது கூட்டுதான் நிலைத்தது. வேறு சிலர் நரம்பு வெட்டோடு, காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ஊறும் கீழ்ப்பகுதி இரைப்பையையும் அகற்றினார்கள். அதில் புண் திரும்புவது மிகக் குறைவு. ஆனால் அறுவை பெரிது, ஆபத்தும் பெரிது. எது மேல் என்று இங்கிலாந்தின் லீட்ஸிலும் யார்க்கிலும் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1968இல் வெளியானது. அறுவை முறைகளை நேர்மையாக எடைபோட்ட முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று.

நரம்பு வெட்டில் நுட்பத்தின் உச்சம் 1970இல் வந்தது. லீட்ஸின் டேவிட் ஜான்ஸ்டனும் டென்மார்க்கின் எரிக் ஆம்ட்ரப்பும் தனித்தனியே, அமிலம் ஊறும் மேல்பகுதிக்குச் செல்லும் சிறு கிளைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். இரைப்பை வாயை இயக்கும் கிளைகளைத் தொடவில்லை. அறுவையர்கள் காக்கைக்கால் என்று அழைக்கும் அந்த விரல் போன்ற முனைக்கிளைகள் தப்பியதால் உணவு தானாகவே கீழிறங்கியது, வடிகாலே வேண்டியிருக்கவில்லை. இறப்பு மிகக் குறைவு, படபடப்பும் வயிற்றுப்போக்கும் குறைவு. குறை ஒன்றுதான். கையின் பக்குவத்தைப் பொறுத்தது அது. ஒரு கிளை விட்டுப்போனாலும் புண் திரும்பலாம். தேர்ந்த கைகளில்கூடச் சிலருக்கு அப்படி ஆனது.

அந்த நுட்பம் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதன் தேவை சுருங்கத் தொடங்கியது. மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கின் குழு கண்ட, அமிலத்தைக் குறைக்கும் மருந்தான சிமெட்டிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஒமெப்ரசோல் 1988இல் வந்தது. கத்தி செய்ததை மாத்திரை செய்தது. அதற்கிடையே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இப்போது அழைக்கப்படும் கிருமியை வளர்த்தெடுத்தார்கள். அதை மார்ஷல் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அமிலம் இன்றிப் புண் இல்லை என்பது பொய்யாகவில்லை. ஆனால் பெரும்பாலானோரிடம் புண்ணைத் தொடங்கிவைத்தது கிருமி. நரம்பை வெட்டிய பின்னும் அது உள்ளேயே இருந்தது.

இன்று புண் ஓட்டையானால், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையான வபையின் ஒரு துண்டை வைத்துத் தைத்து, கிருமிக்கு மருந்து கொடுப்பதே வழக்கம். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் நரம்பு வெட்டும் குடல் இணைப்பும் செய்துகொண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரும்புச் சத்துக் குறையலாம், பித்தப்பைக் கல் வரலாம். இரைப்பையின் ஒரு பகுதியையும் இழந்தவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பல ஆண்டுகள் கழித்து மீந்த இரைப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சற்று அதிகம். வயிற்றில் பழைய தழும்போடு பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த அறுவையைப் பற்றி மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பழைய மருத்துவச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.