கற்காரைத் துண்டுகளின் மறுபயன்பாடு (பழவேற்காடு)

கற்காரைத் துண்டுகளின் மறுபயன்பாடு என்பது கட்டட வேலையில் எஞ்சும் கற்காரையையும், பழைய கட்டடங்களை இடிக்கும்போது கிடைக்கும் கற்காரைத் துண்டுகளையும் வேறொரு தேவைக்குப் பயன்படுத்துவதாகும். கற்காரை பேச்சு வழக்கில் காங்கிரீட் எனப்படுகிறது. எந்தத் துண்டை எங்கே பயன்படுத்தலாம் என்பது இடத்தைப் பொறுத்தது. உப்புக்காற்றும் ஆழமற்ற நீரும் கொண்ட பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

இடச்சூழல்

பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே.

ஒல்லாந்தர் 1613 இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய இவ்வூர்ப்பகுதியில், ஏரிக் கிளிஞ்சல்களைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பு நெடுங்காலம் கட்டுமானப் பொருளாக இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரை இடித்தால் செங்கற்கள் பெரும்பாலும் முழுதாகக் கிடைக்கும். அவற்றைத் தட்டிச் சுத்தம் செய்து மீண்டும் அடுக்கலாம். சிமெண்டு அவ்வாறு விட்டுக் கொடுப்பதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் கற்காரைத் தளமிட்ட வீடுகள் பெருகின. உப்புக்காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது கற்காரை வெடித்து உதிர்கிறது. எனவே கரையோர ஊர்களில் இடிபாடு விரைவாகவே சேர்கிறது.

வீட்டிலும் தெருவிலும்

வேலை முடியும் நேரத்தில் சட்டியில் மிஞ்சும் ஈரக் கலவையைச் சிறு அச்சுகளில் வார்ப்பது எளிய வழி. தரைக்கற்கள், சாக்கடை மூடிகள் முதலியவை இவ்வாறு செய்யப்படுகின்றன. தளக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை மட்டும் இவ்வாறு வார்ப்பது தகாது. நேரம் கடந்த கலவை வலுக்குறைந்தது. அந்தக் கட்டை வழியாகவே உப்புநீர் கம்பியை அடையக்கூடும்.

இறுகிய துண்டுகளில் தட்டையானவை துவைக்கல்லாகவும், மணற்பாதையில் மிதிகல்லாகவும், மழைநீர் விழும் இடத்தில் மண் அரிக்காமல் காக்கும் கல்லாகவும் பயன்படுகின்றன. கிணற்று உறைகள் உடைந்தாலும் வீணாவதில்லை. பாதி உறை தென்னங்கன்றுக்கு அரணாகவும், முழு உறை எருக்குழியாகவும் மாறும். கருவாடு காயவைக்கும் மேடைக்கு அடியில் துண்டுகளை நிரப்பி மேலே பூசினால் மீன் மணலில் படாது. கம்பி நீட்டிய துண்டுகளை மட்டும் இவ்வேலைகளுக்கு எடுக்கலாகாது. கம்பியை வெட்டி எடுத்தாலும் உள்ளே எஞ்சிய பகுதி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

சல்லியாக உடைத்தல்

இடிபாட்டை உடைத்துச் சல்லியாக்கி மீண்டும் கற்காரையில் கலப்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 383:2016 தரம் அனுமதிக்கிறது. இதன்படி கம்பியில்லாக் கற்காரையில் 25 விழுக்காடு வரையும், எம் 25 வரையிலான கம்பியிட்ட கற்காரையில் 20 விழுக்காடு வரையும், எம் 15 க்குக் குறைந்த அடித்தளக் கற்காரையில் முழுவதுமாகவும் பயன்படுத்தலாம்.

ஆனால் ஐ.எஸ். 456:2000 தரம், கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கம்பியிட்ட கற்காரைக்கு எம் 30 ஐயே குறைந்த அளவாக விதிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பழவேற்காடு போன்ற ஊர்களில் வீட்டின் தூணுக்கும் தளத்துக்கும் பழைய சல்லி ஏற்றதன்று என்பது புலப்படும். தரைக்கு அடியிலும், கம்பியில்லாத நடைபாதையிலும் அதற்கு இடமுண்டு.

நங்கூரமாக

படகையோ மிதவையையோ நிறுத்தி வைக்கக் கற்காரைத் துண்டைக் கட்டுவதுண்டு. நீரில் அதன் எடை பெரிதும் குறையும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கட்டுமான இடங்களில் வலிமைச் சோதனைக்கு வார்க்கும் 150 மில்லிமீட்டர் கனக்கட்டை கரையில் ஏறத்தாழ 8 கிலோகிராம் இருக்கும். கடல்நீரில் அது வெளியேற்றும் நீரின் எடை ஏறத்தாழ 3.5 கிலோகிராம் ஆதலால், அங்கே அதன் எடை 4.6 கிலோகிராம் அளவே. இரும்பு நங்கூரம் இவ்வளவு எடை இழப்பதில்லை. அது மண்ணிலும் கவ்வும்.

செயற்கைப் பார்

கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டை மீனவர் 'பார்' என்பர். இதைப் போலச் செய்யும் செயற்கை மீன் உறைவிடங்களைத் தமிழ்நாட்டுக் கடலில் அமைப்பதில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பங்காற்றி வருகிறது. முக்கோணம், கிணற்று உறை முதலிய வடிவங்களில் அமையும் இவை இதற்கெனவே புதிதாக வார்க்கப்படுபவை; இடிபாடுகள் அல்ல. உள்ளே மீன் நுழைந்து ஒதுங்க இடைவெளி வேண்டும், அலையில் புரளாத எடை வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா கரையில் 1970களில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பழைய டயர்களைக் கொட்டி உருவாக்கிய ஆசுபோர்ன் திட்டில் கட்டுகள் அறுந்து, டயர்கள் அருகிருந்த பவளப்பாறைகளில் மோதின. கழிவைக் கடலில் போட்டால் மீன் பெருகும் என்ற எளிய நம்பிக்கைக்கு அது ஒரு மறுப்பு.

ஏரியில் கொட்டுவதன் தீங்கு

கடலுக்குச் சொன்னது ஏரிக்குப் பொருந்தாது. ஒரு மீட்டர் நீரில் இட்ட துண்டு படகின் அடியையும் வலையையும் கிழிக்கும். பழவேற்காட்டில் மீன்பிடி இடங்கள் 'பாடு' என்னும் முறைப்படி முறைவைத்துப் பகிரப்படுகின்றன. ஆகவே ஓரிடம் கெட்டால் அந்த இழப்பு, முறை வரும் ஒவ்வொருவரையும் சேரும். ஏரியில் இறங்கி அடிச்சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. சேற்றில் புதைந்த துருக்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கையிலும் காலிலும்தான் தெரியும். துண்டுகளில் ஒட்டி வளரும் சிப்பிகளின் விளிம்புகளும் கத்திபோல் கூரானவை.

தமிழ்நாட்டுப் பகுதி 1980 இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நிலம் நிரப்புவதற்காகக் கட்டட இடிபாடுகளைக் கரையோர ஒழுங்குமுறை மண்டலத்தில் கொட்டுவதை 2019 ஆம் ஆண்டு அறிவிக்கை தடை செய்கிறது. வீட்டு முற்றத்தில் மிதிகல்லாகக் கிடக்கும் அதே துண்டு, ஏரியின் விளிம்பில் வண்டியிலிருந்து கவிழ்க்கப்படும்போது சட்டத்தின் பார்வையில் கழிவாகிறது.