பல் வெட்டிய முறி

கடன் பத்திரத்தையும் ஒப்பந்தச் சீட்டையும் 'முறி' என்று சொல்லும் பழைய வழக்கு தமிழில் உண்டு. இங்கிலாந்தில் அச்சொல்லை மெய்யாகவே செய்து காட்டினார்கள். ஒரே தாளில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, இடையே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். வழக்கு வந்தால் பல்லோடு பல் பொருந்த வேண்டும். 'இன்டென்ச்சர்' என்ற பெயரே அந்தப் பற்களால் வந்ததுதான். 17ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறிய ஏழை ஆங்கிலேயர் பலரிடம் இருந்த ஒரே சொத்து இத்தகைய பாதித் தாள். கப்பல் கூலி ஏறத்தாழ 6 பவுண்டு. அதற்கு ஈடாக நான்கு முதல் ஏழாண்டு உழைப்பு.

1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களின் கனவு பொன். கிடைத்ததோ பசி. 1609–10 குளிர்காலம் முடிந்தபோது சுமார் 60 பேரே எஞ்சினர். குடியேற்றத்தைப் பிழைக்க வைத்தது ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் பயிரிட்ட புகையிலை. அதுவோ மண்ணின் சத்தை மூன்று நான்கு போகத்தில் உறிஞ்சிவிடும் பயிர். ஆகவே ஓயாமல் புது நிலம் வேண்டும். நிலமோ அங்கே வாழ்ந்த பௌஹாட்டன் மக்களுடையது. ஓயாமல் ஆளும் வேண்டும். இவ்விரண்டு தேவையையும் 1618இன் விதியொன்று ஒரே முடிச்சில் கட்டியது: ஓர் ஆளின் பயணச் செலவை ஏற்பவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். வந்தவன் செத்தாலும் நிலம் முதலாளிக்கே. 1635ஆம் ஆண்டுத் தலைக்கணக்கு ஒன்றில் 'கிழக்கிந்தியன் டோனி' என்றொரு பெயர் இருக்கிறது. நம் கடல்களைத் தாண்டிப்போன யாரோ ஒருவனும் அங்கே 50 ஏக்கராகக் கணக்கு வைக்கப்பட்டிருக்கிறான்.

புகையிலை வேலை தெரிந்தவர்களுக்கு அந்த உழைப்பை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்கால், நடவு, களைகொத்து, கொழுந்து கிள்ளுதல், பக்கத்தளிர் ஒடித்தல், இலை இலையாகப் புழு பொறுக்குதல், பிறகு வெட்டிக் கொட்டகையில் உலர்த்துதல். ஆள் ஓடினால் ஒப்பந்தக் காலம் நீளும். எஞ்சிய ஆண்டுகளோடு ஆளை இன்னொருவருக்கு விற்கலாம். முதலாளி இசைவின்றித் திருமணம் கூடாது. ரிச்சர்ட் ஃபிரெதோர்ன் என்ற இளைஞன் 1623இல் பெற்றோருக்கு எழுதிய கடிதம் பிழைத்திருக்கிறது. பட்டாணியும் கஞ்சியுமே உணவு, உடுத்தக் கந்தல், எப்படியாவது மீட்டுக்கொள்ளுங்கள் என்ற கெஞ்சல். அந்நாட்டுச் சட்டங்களையெல்லாம் படிப்பதைவிட இந்த ஒரு கடிதம் கூடுதலாகச் சொல்லும்.

1619இல் அங்கோலாவிலிருந்து கவர்ந்து கொண்டுவரப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர் வர்ஜீனியாவில் உணவுப் பொருளுக்கு மாற்றாக விற்கப்பட்டார்கள். அவர்களிடம் பாதித் தாள் ஏதுமில்லை. ஆனாலும் தொடக்கத்தில் ஒப்பந்த வேலையாளுக்கும் அடிமைக்கும் இடையிலான கோடு இறுகியிருக்கவில்லை. 1621இல் வந்திறங்கிய ஆந்தனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் விடுதலை பெற்று, 1651இல் 250 ஏக்கருக்கு உரியவரானார். அந்தக் கோட்டை இறுக்கியது நீதிமன்றம். 1640இல் மூன்று வேலையாட்கள் சேர்ந்து மேரிலாந்துக்கு ஓடிப் பிடிபட்டனர். சவுக்கடி மூவருக்கும் ஒன்றுதான். ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாக நான்கு ஆண்டு. கறுப்பரான ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுவதும். 1662இல் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டமாயிற்று.

1705ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் வெள்ளை ஆணுக்கு 10 புஷல் சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி தரவேண்டும் என்று வரையறுத்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம், அடிமைகளை வீடு நிலத்தைப் போன்ற அசையாச் சொத்து என்றது.