கோலூன்றித் தாண்டுதலில் அணுகோட்ட வேக அளவீடு

கோலூன்றித் தாண்டும் வீரர் கோலைச் சுமந்து ஓடிவந்து, அதைக் குழியில் ஊன்றுவதற்கு முன் எட்டும் வேகத்தை அளப்பதே அணுகோட்ட வேக அளவீடு. இந்த ஓட்டத்தைக் களத்தில் ‘ரன்-அப்’ என்றும், ஊன்றுகுழியைப் ‘பாக்ஸ்’ என்றும் சொல்வர். ஓடுபாதை குறைந்தது 40 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் கொண்டது. தாண்டும் உயரத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது அந்தப் பாதையின் கடைசிச் சில மீட்டர்களில் இருக்கும் வேகம். அதனால்தான் பயிற்சியாளர்களும் உயிரியக்கவியல் ஆய்வாளர்களும் அதைத் தனியே அளக்கிறார்கள்.

இயற்பியல் அடிப்படை

ஓட்டத்தில் சேரும் இயக்க ஆற்றல் முதலில் கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது அந்த ஆற்றல் வீரரை மேலே தூக்குகிறது. ஆற்றல் சிறிதும் வீணாகவில்லை என்று கொண்டால், வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்துக் கிடைப்பதே உடலின் ஈர்ப்பு மையம் உயரும் அளவு. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்துக்கு அது 3.26 மீட்டர், 9 மீட்டருக்கு 4.13, 10 மீட்டருக்கு 5.10. தரையைவிட்டு எழும் கணத்தில் ஈர்ப்பு மையம் ஏற்கெனவே ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். உண்மையில் ஊன்றும்போது ஓரளவு ஆற்றல் இழக்கப்படுகிறது. தோள், கை, வயிற்றுத் தசைகளால் வீரர் கோலின்மீது செய்யும் வேலை அந்த இழப்பை ஈடுசெய்கிறது.

வேகத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால் சிறு முன்னேற்றமும் பெரிய பலன் தரும். வினாடிக்கு 9 மீட்டரில் ஓடுபவர் 0.1 மீட்டர் கூட்டினால், கணக்குப்படி 9 சென்டிமீட்டர் உயரம் கூடுகிறது.

வரலாறு

ஓட்டத்தையும் தாண்டலையும் அளக்கும் முயற்சி ஒளிப்படத்தில் தொடங்கியது. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட விலங்கியக்கப் படத்தொகுதியில் மனித ஓட்டமும் தாண்டலும் தொடர்படங்களாக இடம்பெற்றன. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென்-ஜூல் மாரே, ஒரே தகட்டில் பல கணங்களைப் பதியும் முறையால் 1890 வாக்கில் கோலூன்றித் தாண்டுபவரைப் படம்பிடித்தார். அடுத்தடுத்த உருவங்களுக்கு இடையிலான தொலைவும் நேரமும் தெரிந்ததால் வேகத்தைக் கணக்கிட வழி பிறந்தது.

ஓட்ட வேகத்தை மின்கருவியால் அளந்தவர்களில் முன்னோடி, நோபல் பரிசு பெற்ற ஆங்கில உடலியலாளர் ஏ. வி. ஹில். 1927-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஓடுபவரின் உடலில் காந்தத் தகட்டைக் கட்டி, பாதையோரம் இடைவெளிவிட்டுக் கம்பிச்சுருள்களை நிறுத்தினார். ஓடுபவர் ஒவ்வொரு சுருளையும் கடக்கும்போது எழுந்த மின்துடிப்பு பதிவானது. ஓடுபவர் கதிரை வெட்டும் கணத்தைப் பதியும் இன்றைய ஒளிக்கதிர்த் தடுப்புகளும், குறித்த புள்ளிகளைக் கடக்கும் நேரத்தை எடுக்கும் இதே அடிப்படையில்தான் செயல்படுகின்றன.

மூங்கில் காலத்தில் கோல் அதிகம் வளையவில்லை. 1942-இல் கார்னேலியஸ் வார்மர்டாம் மூங்கில் கோலால் 4.77 மீட்டர் தாண்டினார். 1960-களின் தொடக்கத்தில் கண்ணாடி இழைக் கோல் பரவலானது. 1963-இல் பிரையன் ஸ்டெர்ன்பெர்க் 5 மீட்டரை எட்டினார். நன்றாக வளையும் கோல், ஊன்றும்போது உடலில் தாக்கும் அதிர்ச்சியைக் குறைத்து, வேகமாக ஓடுபவரின் ஆற்றலைக் கூடுதலாகத் தேக்கிவைத்தது. வேகத்தை அளக்க வேண்டிய தேவையும் அப்போதுதான் வலுத்தது.

1988 சியோல் ஒலிம்பிக், 1997 ஏதென்ஸ் உலகப் போட்டி ஆகியவற்றில் ஆய்வுக் குழுக்கள் கோலூன்றித் தாண்டுதலை அளந்தன. 2017 இலண்டன் உலகப் போட்டியில் லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகக் குழு இதைச் செய்தது. ஆடவர் முன்னணியில் வினாடிக்கு 9 மீட்டருக்கு மேலும், மகளிரில் 8 மீட்டருக்கு மேலும் வேகம் பதிவாவது இப்போது வழக்கம்.

அளக்கும் இடம்

ஆய்வுகள் பொதுவாக இரு ஐந்து மீட்டர்த் துண்டுகளை எடுத்துக்கொள்கின்றன: குழியிலிருந்து 16 முதல் 11 மீட்டர் வரை ஒன்று, 11 முதல் 6 மீட்டர் வரை மற்றொன்று. இரண்டாவது துண்டு வீரர் எழும்பும் புள்ளிக்கு அருகே முடிகிறது. அதில் வேகம் முந்தையதைவிடக் குறைந்தால், கோலை இறக்கும்போது வீரர் தயங்குகிறார் அல்லது காலடி எட்டாமல் நீட்டி வைக்கிறார் என்று பொருள்.

ஆகவே 100 மீட்டர் ஓட்ட நேரம் மட்டும் போதாது. கோலின் முனை முன்னோக்கி நீண்டிருப்பதால் அது உடலைக் கீழே இழுக்கிறது; கைகளும் வழக்கம்போல் வீசமுடிவதில்லை. வெறுங்கையோடு ஓடும் வேகத்துக்கும் கோலோடு ஓடும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம், கோல் சுமக்கும் திறமைக்கு நேரடியான அளவுகோல். சுவீடனின் அர்மாண்ட் டுப்லாண்டிஸ் 2024-இல் சூரிச்சில் 100 மீட்டரை 10.37 வினாடியில் ஓடினார். 2025-இல் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டினார். மேற்கண்ட கணக்கின்படி அந்த உயரத்துக்குத் தேவையான வேகம் வினாடிக்கு 10 மீட்டர்.

கருவிகளும் பிழைகளும்

கையால் இயக்கும் நிறுத்துக்கடிகாரம் இதற்கு உதவாது. வினாடிக்கு 9 மீட்டரில் 5 மீட்டரைக் கடக்க 0.556 வினாடி ஆகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு வினாடி பிசகினாலும் வேகம் வினாடிக்கு 0.16 மீட்டர் மாறிவிடும்.

ஒளிக்கதிர்த் தடுப்புகள் துல்லியமானவை. ஆனால் இறங்கிவரும் கோலோ கையோ கதிரை முன்கூட்டியே வெட்டக்கூடும். ஆகவே இரட்டைக் கதிர் அமைப்பை இடுப்பு உயரத்தில் வைப்பது நல்லது. பாதையின் பின்முனையிலிருந்து வீரரின் முதுகைக் குறிவைக்கும் லேசர் கருவி, ஓட்டம் முழுவதிலும் வேகம் ஏறி இறங்குவதைக் காட்டும். உடல் அசைவால் வரும் சிலும்பலை மட்டும் சீர்செய்ய வேண்டும். ராடார் எளிதானது என்றாலும், ஓட்டத் திசைக்குச் சாய்வாக வைத்தால் வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

வினாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியும் பயன்படும். அதைப் பாதைக்குச் செங்குத்தாகத் தொலைவில் நிறுத்தி, அசையாத குறிகளை நட்டு, மார்பு குறிகளைக் கடக்கும் படங்களை எண்ண வேண்டும். ஒரு படம் பிசகினால் 9 மீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 0.07 மீட்டர் வித்தியாசம் வரும்.

காற்றையும் இடத்தின் உயரத்தையும் குறித்துவைப்பது அவசியம். இந்தப் போட்டியில் சாதனைக்குக் காற்று வரம்பு இல்லை என்றாலும், பின்காற்று வேகத்தைக் கூட்டும். செர்கேய் புப்கா 1994-இல் 6.14 மீட்டர் தாண்டிய செஸ்த்ரியேர், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களின் சாதனைகளுக்கு உலகத் தடகள அமைப்பு தனிக் குறி இடுகிறது. ஆனால் தமிழகத்தின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஏறத்தாழ 725 மீட்டர் உயரமே. இத்தகைய இடங்களில் அளந்த வேகத்தைச் சென்னையில் அளந்ததோடு ஒப்பிடும்போது காற்றின் அடர்த்தி காரணமாக வரும் வித்தியாசம் சிறியது.

தமிழகமும் ஈழமும்

இந்தியக் கோலூன்றலில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. வி. எஸ். சுரேகா 2014-இல் 4.15 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். 2022 அக்டோபரில் காந்திநகர் தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோசி மீனா பால்ராஜ் 4.20 மீட்டர் தாண்டி அதை முறியடித்தார். அதே போட்டியில் சுப்பிரமணி சிவா 5.31 மீட்டர் தாண்டினார்; 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் தேவ் மீனா 5.32 மீட்டர் தாண்டும்வரை அது தேசியச் சாதனையாக நின்றது. யாழ்ப்பாணம் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் இலங்கைச் சாதனையைக் கைப்பற்றினார்.

இந்த உயரங்களை வேக அளவுகளாக மாற்றிப் பார்த்தால், 5.31 மீட்டருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் தேவை. எழும்பும்போதைய ஈர்ப்பு மையத்தை 1.1 மீட்டர் எனக் கொண்டால், 4.20 மீட்டருக்கு ஏறத்தாழ 7.8 மீட்டர். இவை கணக்கில் கிடைக்கும் எண்கள். களத்தில் அளந்தவை அல்ல.

பயிற்சியில் பயன்

வேகம் போதுமான அளவு இருந்தும் உயரம் வராவிட்டால் குறை ஊன்றலிலோ கோலின்மேல் உடலைத் திருப்புவதிலோ இருக்கிறது. வேகமே குறைந்தால் குறை ஓட்டத்தில். கோலின் விறைப்பைக் கூட்டுவதற்கும் பிடியை உயர்த்துவதற்கும் இந்த எண்ணே ஆதாரம். போதிய வேகமின்றி விறைப்பான கோலை எடுத்தால், அது நிமிர்ந்து மெத்தைப் பக்கம் சாயாமல், வீரரை ஓடுபாதைக்கே திருப்பித் தள்ளிவிடும். எனவே கோலை மாற்றுவதற்கு முன் கடைசி ஐந்து மீட்டரின் வேகத்தை அளந்து பார்ப்பது, உயரத்துக்கு மட்டுமன்றி வீரரின் பாதுகாப்புக்கும் முதல் தேவை.