விலைக்கு வந்த சோறு: சென்னைத் தொடர் உணவகங்களும் மீஞ்சூர்ப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளும்

சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் எண்ணூரையும் அத்திப்பட்டையும் கடந்தபின் வரும் மீஞ்சூர், வடகாஞ்சி என்னும் சிறப்புப் பெயர் தாங்கிய பழைய ஊர். ஆயினும் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும், காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பெற்ற கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் அதன் சுற்றுப்புறத்தார் பிழைப்பைப் பெரிதும் மாற்றிவிட்டன. அதற்கு வடக்கே பொன்னேரியைக் கடந்து சென்றால், 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய பழவேற்காடும், இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடைய ஏரியும், அதன் கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களும் எதிர்ப்படுகின்றன. அதிகாலை ஏலத்தில் மீனை விற்றுவிட்டு, கரையோரத்து ஆயா கடையில் நாலு இட்லியும் மீன்குழம்பும் சாப்பிட்டுக் கணக்கில் எழுதச் சொல்லிப் போகிறவரே, மகள் கலியாணத்துக்குத் துணி எடுக்கச் சென்னைக்குப் போகும் அன்று, நகரெங்கும் ஒரே பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் உணவகங்களுள் ஒன்றைத் தேடிப்பிடித்துக் குடும்பத்தோடு உட்காருகிறார். இதனை விளம்பரத்தின் மயக்கம் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்விருப்பத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றுக் காரணங்கள் உண்டென்பதையும், அக்காரணங்களை அறிந்தாலன்றிக் குப்பத்துக் கடையின் உரமும் விளங்காதென்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்தில் சிற்றுண்டி விற்பது தொன்மையான தொழில். சோறு விற்பதோ பிற்காலத்தது. மதுரைக்காஞ்சி இரவுக் கடைத்தெருவில் அப்பம் விற்போரைக் காட்டுகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து அறச்சாலைகளில் சோறு ஆக்கி வழங்கிய பெருக்கைக் காட்டுகிறது. அப்பத்துக்கு விலை உண்டு, சோற்றுக்கு விலை இல்லை என்ற இந்தப் பாகுபாடு நெடுங்காலம் நிலைத்து, வழிப்போக்கனுக்குச் சத்திரமும் உறவினனுக்கு வீடும் என்ற ஏற்பாடாக வேரூன்றியது. சத்திரத்துத் தர்மம் உயர்ந்ததே. ஆனால் அங்கே இலை போடுமுன் இன்ன ஜாதியார் என்ற விசாரணை நடந்ததையும் மறைப்பதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில், கோர்ட்டு, கலாசாலை, சர்க்கார் உத்தியோகம் ஆகியவை சொந்த ஊரை விட்டு வந்த சம்பளக்காரர் கூட்டமொன்றைச் சென்னையில் சேர்த்தபோதுதான், காசு கொடுத்துச் சோறுண்ணும் வழக்கம் வெட்கத்தை உதறிவிட்டுத் தலையெடுத்தது. காப்பி கிளப்புகளும் மெஸ்களும் அக்கூட்டத்தின் தேவையிலே பிறந்தவை.

இக்கடைகளைத் தொடர்நிறுவனமாக வளர்த்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் தென் கன்னட மாவட்டத்துக் கடந்தலை என்னும் சிற்றூரிலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ். ஓட்டல் சமையலறையில் எடுபிடி வேலை பார்த்து, ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் தொழில் கற்று, 1920-களின் பிற்பகுதியில் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாசத்தைத் தொடங்கிய அவர், 1938-இல் ராயப்பேட்டையில் இராமநாதபுரம் ராஜாவுக்குரிய மாளிகையொன்றைக் குத்தகைக்கு எடுத்து, அம்மாளிகையின் பெயராலேயே உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவினார். அதன் கிளைகள் பிற நகரங்களுக்கும் பரவின. 1962-இல் தோட்டக்கலைச் சங்கத்து நிலத்தில் தோன்றிய டிரைவ்-இன் உணவகம் 2008 வரையில் சென்னைவாசிகளின் மாலைப்பொழுதை ஆண்டது. உடுப்பிக்காரரின் முறையில் கவனிக்கத்தக்கது மசால் தோசையின் ருசி மட்டுமன்று; நேற்று உண்ட அதே தோசை, அதே அளவில், அதே விலைக்கு, இன்று வேறொரு தெருவிலும் கிடைக்கும் என்ற உறுதி. பாரிஸில் 1850-களில் டுவால் என்னும் இறைச்சிக்கடைக்காரர் தொழிலாளருக்கென அச்சிட்ட விலைப்பட்டியலோடு வைத்த சூப்புக் கடைகளும், லண்டனில் 1894 முதல் லயன்ஸ் நிறுவனம் வரிசையாகத் திறந்த தேநீர்க் கடைகளும் இந்த உறுதியையே விற்றன. புதிதாக நகரத்துக்கு வந்தவனுக்கு ருசியைவிடப் பெரிய கவலை, கையிலுள்ள காசு போதுமா என்பது. சுவரில் எழுதிவைத்த விலை அக்கவலையை வாசலிலேயே தீர்த்துவிடுகிறது.

இந்த உறுதியைக் காக்கச் சரக்கின் இயல்பும் துணைநின்றது. அரிசியும் உளுந்தும் மூட்டையில் கெடாமல் கிடக்கும் பொருள்கள்; ஒரே பக்குவத்தில் அரைக்க ஆள் வேண்டும் என்பதொன்றே தடையாக இருந்தது. 1955-இல் கோயம்புத்தூர் சபாபதி உருவாக்கிய மின்சார மாவரைக்கும் இயந்திரம் அத்தடையையும் நீக்கிற்று. சைவச் சிற்றுண்டி முதலில் தொடர்க்கடையாகப் பரவியதற்கு ஆசாரத்தை மட்டும் காரணமாகக் காட்டுவோர், பொருளின் இந்த இயல்பை மறந்துவிடுகின்றனர்.

ஆசாரத்தையும் விலக்கிப் பேச முடியாது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கும் இதரர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய வழக்கம் 1941-இல்தான், சுயமரியாதை இயக்கத்தாரின் தொடர்ந்த கிளர்ச்சிக்குப் பின், ஒழிந்தது. பொது உணவகங்களில் ஜாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு விதித்த பின்னும், 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த பிராமணாள் என்ற சொல்லை அகற்றப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளிலோ இரட்டைக் குவளை முறை அதற்கும் நெடுங்காலம் பிந்தி வாழ்ந்தது. உள்ளூர்க் கடையின் அன்பையும் கைமணத்தையும் பாராட்டுகிற நாம், அந்தக் கடைக்காரர் எல்லாரையும் அறிந்திருந்தார் என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தன் பெயரும் தெருவும் குலமும் எவருக்கும் தெரியாத ஓரிடத்தில், மற்றவர் குடிக்கும் டம்ளரிலேயே தானும் காப்பி குடித்து, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து வெளியேறும் சுகம், அதனை என்றுமே இழக்காதவர்க்கு எளிதில் விளங்காது. தொடர் உணவகங்களின் கவர்ச்சியில் பெரும்பகுதி இந்தச் சுகமே என்பது என் துணிபு. பொருளாதார நூலார் இதற்குத் தக்க இடம் அளிக்கவில்லை.

விலைமலிவு என்ற கொள்கையோ தனியார் வணிகத்தில் மட்டும் வளர்ந்ததன்று. யுத்தகாலப் பிரிட்டனில் அரசாங்கம் 2,000-க்கு மேற்பட்ட பொது உணவகங்களை நடத்தியது. 1950-களின் பிற்பகுதியில் காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூட முற்பட்டபோது, பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் ஊழியர்களே கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு அவற்றை ஏற்றனர். தனியார் பக்கத்தில், 1981-இல் கே. கே. நகரில் பி. ராஜகோபால் தொடங்கிய சரவண பவன், உடுப்பிக்காரர் வகுத்த முறையைத் தமிழ் வணிகர் கைக்கு மாற்றி, 2000-இல் துபாய்க்கும் கொண்டுசென்றது. ஆயினும் தொடர் உணவகம் என்னும் வடிவத்தை ஏழையின் பக்கமாக முழுதும் திருப்பியது, 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி திறந்த அம்மா உணவகமே. 1 ரூபாய்க்கு இட்லி, 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம், 3 ரூபாய்க்குத் தயிர் சாதம் என்ற ஒரே பட்டியல் நகரமெங்கும் நிலவியது. சமைத்தவரும் பரிமாறியவரும் மகளிர் சுய உதவிக் குழுவினர். மாநகராட்சியின் எல்லை 2011-இலேயே கத்திவாக்கம் வரை விரிந்துவிட்டமையால், இத்திட்டத்தின் ஆட்சி மீஞ்சூர்க்காரர்க்கு அடுத்த சில ரயில் நிலையங்களுக்குள் வந்துவிட்டது. கூலி வேலைக்குச் சென்ற பெண் ஒருத்தி ஆண்கள் நெருக்கும் டீக்கடையில் கூசி நிற்காமல் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி உண்ண முடிந்தமையை, விலைக்குறைவினும் மேலான நன்மையாக நான் மதிக்கிறேன்.

மாமிச உணவில் தொடர்க்கடை தாமதித்தே வந்தது. திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய தலப்பாக்கட்டிப் பிரியாணி, அரை நூற்றாண்டுக் காலம் ஓரூர்ப் பெருமையாகவே இருந்து, இந்நூற்றாண்டிலேதான் சென்னையில் கிளை கிளையாகப் பெருகியது. பல்லடம் பக்கத்து ஒப்பந்தப் பண்ணைகள் ஒரே எடையுள்ள கறிக்கோழியை ஆண்டு முழுவதும் அனுப்பத் தொடங்கியதும், குளிர்சாதன வண்டிகள் பெருகியதும் கோழிப் பிரியாணிக் கடைகளுக்கு உளுந்து மூட்டையின் வசதியைத் தந்தன. மீனுக்கு அது வாய்க்கவில்லை. ஒரே பட்டியலை எல்லாக் கிளைகளிலும் நிறைவேற்ற வேண்டிய நிறுவனம், எந்நாளும் கிடைக்கும் வஞ்சரத்தையும் பண்ணையில் வளர்த்த வெண்கால் இறாலையும் நாடுவது இயல்பு. பழவேற்காட்டு ஏரியோ இன்று மடவையும் நாளை கிழங்கானும் மறுநாள் நண்டும் தருவது. எது வரும் என்பதைக் காற்றும் நீரோட்டமும் நிலவின் பக்கமும் தீர்மானிக்கின்றன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளுக்கும் 1,000 மீட்டர் எல்லைக்குள் இறால் பண்ணை கூடாதென்று விதித்த தீர்ப்பு, ஏரியின் இந்த இயற்கையைக் காக்க எழுந்ததே.

குப்பத்துச் சாப்பாட்டுக் கடையின் உரம் இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பட்டியல் இல்லை. ஏலத்தில் மிஞ்சியதும், வியாபாரி பெட்டியில் ஏறாத சிறு மீனும், கால் முறிந்தமையால் ஏற்றுமதிக்கு ஆகாத நண்டுமே அதன் சரக்கு. காலையில் அம்மா என்ன குழம்பு என்று கேட்பவர், உண்மையில் ஏரியின் நிலைமையைக் கேட்கிறார். இரண்டாவது காரணம் கடன். பழவேற்காட்டில் பாடு என்னும் பழைய முறைப்படி, இறால் மிகுந்த துறைகளில் வலையிடும் உரிமை குழுக்களிடையே முறைவைத்து மாறி வருகிறது. ஆகவே கையில் பணம் புரளும் நாளும் வெறுங்கையாக இருக்கும் நாளும் ஒருவனுடைய சாமர்த்தியத்தால் மட்டும் வருவன அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. புயற்காலத்தில் எல்லாப் படகுக்கும் தடை. இத்தகைய வருமானத்தை உடையவனுக்கு, அன்றன்று காசு கேட்கும் மலிவுக் கடையைக் காட்டிலும், முறை வரும் வரையில் பொறுத்திருக்கும் கடை பயன்படுகிறது. அடுப்படிக்காரம்மாவின் கணக்கு நோட்டு, பாடு எவனுக்கு எந்நாள் என்பதை அறிந்து நடக்கிறது. எத்தனை கிளையுள்ள நிறுவனத்தாலும் அந்த அறிவைப் பெற முடியாது. கடைக்காரர் எல்லாரையும் அறிந்திருக்கும், முன்னர்ச் சொன்ன அதே நெருக்கம், ஒருவனுக்கு இழிவாகவும் இன்னொருவனுக்கு உயிர்த்துணையாகவும் அமைந்ததை நினைக்கும்போது, இரண்டு வகைக் கடைகளையும் ஒரே துலாக்கோலில் வைத்து இது சிறந்தது, அது தாழ்ந்தது என்று முடிவு கட்டுவதற்கு மனம் துணியவில்லை.

மீஞ்சூர் நிலைமை குப்பத்தின் நிலைமையினின்று வேறு. துறைமுகத்திலும் மின்நிலையத்திலும் ஒப்பந்த வேலை பார்க்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்க்கு உள்ளூரில் கணக்கு வைக்கும் உரிமையோ உறவோ இல்லை. அவர்கள் வாரக்கூலியில் வாழ்பவர்கள், ரொட்டியும் பருப்பும் தேடுபவர்கள். எனவே அங்கே பெயர் பெற்ற கடைக்கும் தள்ளுவண்டிக்கும் இடையே நடக்கும் போட்டி, விலையையும் வேகத்தையும் பொறுத்ததாகி, குப்பத்தில் காணும் கடன் தர்மம் மெலிந்துவிட்டது.

ஆயா கடைகளுக்குத் தொடர் உணவகங்களால் அழிவு வரும் என்று அஞ்சுவோர், அபாயத்தை வேறு திசையில் பார்க்க வேண்டும். பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும்போதெல்லாம், கடலில் பிறந்து ஏரியில் வளர வேண்டிய இறால் குஞ்சுகள் உள்ளே வருவது தடைப்படுகிறது; உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு மாறிவிடுகிறது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று மீனவர் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளனர். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் எழுந்த பின் கரையின் மணலோட்டம் மாறியதென்பதும் அவர்களுடைய முறையீடு. நல்ல மீன் பனிக்கட்டிப் பெட்டியில் சென்னைக்கும், உயிர்நண்டு சிங்கப்பூருக்கும் முதலில் போய்விடுகின்றன. பிடிப்பு குறையும் ஆண்டில் முதலில் இல்லாமற்போவது, அவற்றுக்கெல்லாம் பின்னால் மிஞ்சி, கரையோரத்து அடுப்புக்கு வந்துகொண்டிருந்த மலிவு மீன்தான்.